டிஷ்வாஷரும் மூணு குடம் தண்ணியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கம்போல சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்த தடவை சொல்ல வந்தது நிஜமாவே ஸ்பேனர் பிடிச்ச கதை. நடந்தது 2023 கோடையில. எழுதற அளவுக்கு வெக்கம் விட்டுப்போக இவ்வளவு நாளாயிடுச்சு :-)

நாங்க இருக்கறது நியூ ஜெர்சியில. வீடு வாங்கும்போதே சமையலறையில ஒரு பழைய டிஷ்வாஷர் இருந்தது. ஓட ஆரம்பிச்சா மலையேறுற டவுன் பஸ் மாதிரி சத்தம். அந்த வருஷம் மே மாசம் அது ஒரேயடியா மூச்சை நிறுத்திடுச்சு. ஜூன்ல ஊர்லேர்ந்து அம்மா வர்றாங்க. ஆறு மாசம் இருக்கப்போறவங்களைப் பாத்திரம் தேய்க்க விடக்கூடாதுன்னு அவசரமா புதுசு ஒண்ணு ஆர்டர் பண்ணோம். மெஷினைக் கொண்டுவந்து இறக்குறதுக்குக் காசு கிடையாது. பொருத்தறதுக்குத் தனியா, பழசை எடுத்துட்டுப் போகத் தனியா, பைப்புக்குத் தனியான்னு ரசீது நீண்டுக்கிட்டே போச்சு.

"இதுல என்ன இருக்கு? தண்ணி உள்ள வர ஒரு குழாய், வெளிய போக ஒரு குழாய், கரண்டுக்கு ஒரு ஒயர். நானே போடறேன்"னேன். தங்கமணி என்னை ஒரு பார்வை பாத்தாங்க. போன தடவை நான் மாட்டின ஷெல்ஃப் விழுந்த இடத்தையும் ஒரு பார்வை பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

சரி, மேட்டருக்கு வருவோம். இதைப் படிச்சுட்டு யாராவது கையில ஸ்பேனர் எடுத்தா உதவட்டும்னு கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

முதல் வேலை, பிரேக்கர் பெட்டிக்குப் போய் டிஷ்வாஷருக்கான கரண்டை அணைக்கறது. தண்ணியும் கரண்டும் சேர்ந்து இருக்கற இடத்துல வீரம் காட்டக்கூடாது. அடுத்தது ஸிங்க்குக்குக் கீழே இருக்கற வால்வை மூடறது. இங்க டிஷ்வாஷருக்கு வெந்நீர்க் குழாய்லேர்ந்துதான் இணைப்பு. நம்ம ஊர்ல விக்கற மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத்தண்ணியை வாங்கித் தானே சூடுபண்ணிக்கும். இங்க 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 49 டிகிரி செல்சியஸ்ல தண்ணி வர்றது நல்லதுன்னு கையேட்டுல போட்டிருக்கும். அதனால ஓட்டறதுக்கு முன்னாடி ஸிங்க் குழாயைத் திறந்து வெந்நி வர்ற வரைக்கும் விடணும். இல்லேன்னா குழாய்ல நிக்கற ஆறின தண்ணிதான் முதல்ல மெஷினுக்குள்ள போகும்.

வால்வுலேர்ந்து மெஷினுக்கு ஸ்டீல் பின்னல் போட்ட ஒரு ஹோஸ். மெஷின் பக்கத்துல முழங்கை மாதிரி மடங்கின ஒரு பித்தளைத் துண்டு, எல்போ. பழைய மெஷின்ல இந்த எல்போவோட மரை கூம்பு மாதிரி குறுகிப் போகும். அதுக்கு டெஃப்லான் டேப் சுத்தி முறுக்கணும். புது மெஷின்ல இருந்ததோ முக்கால் இன்ச் தோட்டக்குழாய் மரை. அதுல தண்ணியைத் தடுக்கறது மரை இல்லை. உள்ள உக்காந்திருக்கற ஒரு சின்ன கறுப்பு ரப்பர் வாஷர்தான். டேப்பே தேவையில்லை.

இதெல்லாம் இப்பத் தெரியுது. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது, "எதுக்கும் டேப்பைச் சுத்து"ங்கற ஒரே மந்திரம்தான். ஆசை தீர எட்டு சுத்து சுத்தி, ரெண்டு கையாலும் முறுக்கினேன்.

கழிவுநீர்க் குழாயிலும் ஒரு கூத்து. அந்த ஹோஸை மெஷின்லேர்ந்து நேரா டிஸ்போசர்ல கொண்டுபோய்ச் செருகக்கூடாது. ஸிங்க் பெட்டிக்குள்ள, மேல கல்லோட அடிப்பாகம் வரைக்கும் தூக்கி ஒரு வளைவு கட்டி, அப்புறம்தான் கீழே இறக்கணும். அப்படிப் பண்ணலேன்னா ஸிங்க்ல தேங்கற அழுக்குத்தண்ணி கழுவி வச்ச பாத்திரத்துக்கே திரும்பி வந்துடும். நான் வளைவு கட்டலை. மூணாம் நாள் மெஷினைத் திறந்தா ரச வாசனை! கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல இந்த வளைவு மட்டும் பத்தாது, ஸிங்க் மேல 'ஏர் கேப்'னு ஒரு சின்னக் குமிழ் வைக்கணும்னே விதி இருக்கு. வளைவைக் கட்டினதும் ரசம் நின்னுச்சு. 'பாத்தியா, நானே கண்டுபிடிச்சு நானே சரி பண்ணிட்டேன்'னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

அம்மா வந்தாங்க.

அம்மாவுக்கு டிஷ்வாஷர் மேல நம்பிக்கை கிடையாது. உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே பாத்திரத்தை நல்லா கழுவிடுவாங்க. "அதுக்குத்தாம்மா மெஷின் இருக்கு"ன்னா, "எச்சித் தட்டை அப்படியே பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டறதாய்யா?"ம்பாங்க. 1886-லயே அமெரிக்காவுல ஜோசஃபின் காக்ரேன்னு ஒரு அம்மா இந்த மெஷினுக்குப் பேடன்ட் வாங்கி, 1893 சிகாகோ கண்காட்சியில வச்சவங்கன்னு எடுத்துவிட்டேன். வேலையாளுங்க கழுவும்போது பீங்கான் தட்டு ஓரம் உடையுதுன்னுதான் அவங்களுக்கு இந்த யோசனையே வந்ததுன்னு சொல்வாங்க. "அவங்க வீட்டுல பீங்கானு. நம்ம வீட்டுல எவர்சில்வரு. நம்மளதுக்கு என்ன உடையப்போகுது?"ன்னு முடிச்சுட்டாங்க. அப்புறம் எனக்கு ஏது பேச்சு?

ஆனாலும் எனக்காக ஓட்ட ஆரம்பிச்சாங்க. பேரன் பட்டனைக் காட்டிக் குடுத்தான். ரெண்டு வாரம் நல்லாப் போச்சு.

அப்புறம் ஒரு விஷயம் கவனிச்சேன். காலையில அஞ்சு மணிக்கெல்லாம் சமையலறையில தண்ணிச் சத்தம். எந்திரிச்சு வந்து பாத்தா அம்மா கையால பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்காங்க. கேட்டா, "தூக்கம் வரலைய்யா, சும்மாதான்"னாங்க. கால் வைக்கற இடத்துல ஒரு பழைய துண்டு மடிச்சுப் போட்டிருந்தது. நானும் கால் வழுக்காம இருக்கப் போட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த சனிக்கிழமை எதையோ எடுக்க பேஸ்மென்ட்டுக்குப் போனேன். சமையலறைக்கு நேர் கீழே கூரையில, இட்லித்தட்டு அகலத்துக்குப் பழுப்பு வட்டம். விரலால தொட்டா மெதுக்குன்னு உள்ள போகுது. மேல ஓடினேன். அம்மா போட்டிருந்த துண்டைத் தூக்கினா, மரத்தரையோட ரெண்டு பலகை ஓரம் உப்பி நிக்குது. துண்டு ஈரம்.

அடுத்து நான் சொன்னதைத்தான் இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியலை.

"ஏம்மா, கதவை அடிச்சு சாத்தினீங்களா? இல்ல சாதாரண சோப்பை ஊத்தினீங்களா? தண்ணி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அம்மா முகம் சின்னதாப் போச்சு. "நாலஞ்சு நாளா வருதுய்யா. நாந்தான் என்னமோ பண்ணிட்டேன் போலன்னு பயந்துக்கிட்டு ஓட்டறதை நிப்பாட்டிட்டேன். அப்படியும் நிக்கலை. காலையில நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி தொடைச்சு விட்டுருவேன். புது மெஷினு, காசு போட்டு வாங்கியிருக்கே..."

கோவத்துல இருந்தவனுக்கு அந்த வாக்கியத்துல பாதிதான் காதுல விழுந்தது. தரையில குப்புறப் படுத்து, மெஷினோட அடித்தகட்டைக் கழட்டி, டார்ச் அடிக்கும்போதுதான் மீதி பாதி உறைச்சது. 'ஓட்டறதை நிப்பாட்டிட்டேன். அப்படியும் நிக்கலை.'

மக்களே, இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. மெஷின் ஓடும்போது மட்டும் ஒழுகினா சந்தேகப்பட வேண்டியது கதவு ரப்பர், பம்ப், கழிவு ஹோஸ், அதிக நுரை இதெல்லாம். ஓடாம சும்மா இருக்கும்போதும் ஒழுகினா, பிரச்சனை பெரும்பாலும் தண்ணி உள்ள வர்ற இணைப்புல. ஏன்னா வால்வுலேர்ந்து மெஷின் வாசல் வரைக்கும் இருபத்திநாலு மணி நேரமும் அழுத்தத்தோட தண்ணி நின்னுக்கிட்டே இருக்கும். அம்மா கதவை எப்படிச் சாத்தினா என்ன, எந்தச் சோப்பை ஊத்தினா என்ன, அந்த இணைப்புக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தொட்ட ஒரே ஆள் நான்.

டார்ச் வெளிச்சத்துல தெரிஞ்சது. எல்போ ஓரத்துல ஒரு சொட்டு உருண்டு, தயங்கி, விழுந்தது. நொடிக்கு ஒண்ணுன்னு அடுத்தடுத்து.

வால்வை மூடினேன். அது பழைய காலத்துத் திருகு வால்வு, முழுசா மூடலை. கடைசியில வீட்டு மெயின் வால்வையே மூடவேண்டியதாப் போச்சு. எல்போவைக் கழட்டிப் பாத்தா, எட்டு சுத்து டேப்பும் கசங்கிக் கிடக்கு. உள்ள வாஷர் இல்லை. டிஷ்வாஷர்ல வாஷர் இல்லை! டூல்ஸ் டப்பாவைக் கொட்டித் தேடினேன். எல்போ வந்த பிளாஸ்டிக் பையில, மூலையில ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தது, மோதிரம் சைஸுக்கு ஒரு கறுப்பு வளையம். பையைக் கிழிச்சவன் உள்ள என்ன இருக்குன்னு பாக்கலை. டேப் கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சிருக்கு, அப்புறம் கைவிட்டுடுச்சு.

அந்தப் பையைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்திருந்தேன். பேசாம வாஷரைப் போட்டு முறுக்கிட்டு "சரியாயிடுச்சும்மா"ன்னு சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் வரத்தான் செஞ்சது, பொய் சொல்லலை. ஆனா அந்த அஞ்சு மணி தண்ணிச் சத்தம் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அம்மா பின்கட்டுல துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாஷரைக் காட்டினேன். "இதை நான் போட மறந்துட்டேன்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் கத்திட்டேன்."

வாஷரை வாங்கி வெளிச்சத்துல பாத்தாங்க. "இவ்ளோண்டுதானா?"ன்னாங்க. கொஞ்சம் நேரம் கழிச்சு, "எவ்ளோ தண்ணி போயிருக்கும்யா?"ன்னாங்க.

என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். தரை போச்சேன்னு வருத்தப்படுவாங்கன்னு நினைச்சேன். அவங்க கேட்டது தண்ணி. எங்க ஊர் விருதுநகர் பக்கம். நான் சின்னப்பையனா இருந்தப்போ தெருக்குழாய்ல தண்ணி வர்றதே வாரத்துக்கு ஒரு நாள். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் அம்மா குடத்தோட நிப்பாங்க. நான் தூக்கக் கலக்கத்துல வரிசைக்குக் காவல்.

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தும்போது 20 சொட்டு ஒரு மில்லின்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க. நொடிக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. அதாவது நாலு லிட்டருக்கு மேல. ஒரு பத்து நாள் ஒழுகியிருந்தா 43 லிட்டர்.

"மூணு குடம்"னாங்க அம்மா. வேற ஒண்ணும் சொல்லலை.

அன்னிக்கே ரிப்பேர் ஆரம்பிச்சது. கடைக்குப் போய் கால் சுத்துல மூடற புது வால்வு வாங்கிட்டு வந்து பழசை மாத்தினேன். வாஷரை எல்போக்குள்ள சமமா உக்கார வச்சு, டேப் இல்லாம, கையால இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால ஒரு கால் சுத்து மட்டும். அதிகமா முறுக்கினா ரப்பர் நசுங்கி மறுபடி ஒழுகும். ஹோஸ் முனையிலயும் ரப்பர் இருக்கறதால அங்கயும் டேப் கிடையாது. தண்ணியைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால சுத்தி வச்சோம். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பேப்பர்ல தெரிஞ்சுடும். டார்ச் பிடிச்சவங்க அம்மா. அரை மணிக்கு ஒரு தடவை குனிஞ்சு தொட்டுப் பாத்து, "காஞ்சுதான் இருக்குய்யா"ன்னு ரிப்போர்ட். ஒரு ராத்திரி முழுக்கக் கீழே தட்டு வச்சுப் பாத்துட்டுத்தான் அடித்தகட்டை மூடினேன்.

உப்பின பலகையைப் பேத்து எடுத்து, மூணு நாள் ஃபேன் ஓட்டிக் காய வச்சோம். பேஸ்மென்ட் கூரையில ஒரு சதுரம் வெட்டி ஒட்டுப் போட ஆளைத்தான் கூப்பிட்டேன். அதுக்கு ஆன செலவுல மெஷினை மூணு தடவை ஆள் வச்சுப் பொருத்தியிருக்கலாம். தங்கமணி இதைச் சொல்லிக் காட்டவே இல்லை. ரசீதை ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டினதோட சரி. அவ்வ்வ்வ்...

இப்போ மெஷினுக்கு அடியில பேட்டரி போட்ட ஒரு சின்னத் தண்ணி அலாரம் கிடக்கு. ஈரம் பட்டாக் கத்தும். ஒழுகுதுன்னு சொல்ல அது யாருக்கும் பயப்படாது. நம்ம வீட்டுல மனுஷங்களும் அப்படிச் சொல்ற மாதிரி நான் நடந்துக்கணும்னு அன்னிக்கு முடிவு பண்ணேன். பாதி கடைப்பிடிக்கறேன்.

அம்மா டிசம்பர்ல ஊருக்குத் திரும்பினாங்க. போற வரைக்கும் மெஷினைத் தினம் ஓட்டினாங்க, பாத்திரத்தை முன்கூட்டியே கழுவறதை மட்டும் விடலை. ஒரு தடவைக்குப் பன்னெண்டு, பதிமூணு லிட்டர்தான் செலவாகுதுன்னு நான் சொன்னப்போ, "அட, ஒரு குடம் கூட இல்லையா?"ன்னு அதைக் கொஞ்சம் மரியாதையாப் பாத்தாங்க. இப்பவும் வீடியோவுல பேசும்போது சாப்பிட்டியான்னு கேட்டு முடிச்சதும் அடுத்த கேள்வி, "அது ஒழுகலையேய்யா?"தான். நானும் குனிஞ்சு கையை வச்சுப் பாத்துட்டுத்தான் பதில் சொல்றேன்.

உங்க வீட்டுலயும் இப்படி 'நானே பண்ணிடறேன்' கதை கண்டிப்பா இருக்கும். வெக்கப்படாம பின்னூட்டத்துல கொட்டுங்க. அப்புறம், எதை வாங்கினாலும் பையைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உதறிப் பாத்துடுங்க சாமிகளா :-)