இரும்பை பக்கம் போனால்... சாயோ சாப்பிடலாம்!

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், புதுச்சேரிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது இரும்பை. விழுப்புரம் மாவட்டத்தின் சின்ன கிராமம். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான். கடுவெளிச் சித்தரின் கோபத்தால் லிங்கம் பிளந்தது என்பது தலபுராணம். செப்புத் தகடு சுற்றிய அந்த லிங்கத்தையும் குயில்மொழி அம்மையையும் தரிசித்துவிட்டு, பெரும்பாலானவர்கள் ஆரோவில்லுக்கோ புதுச்சேரிக் கடற்கரைக்கோ கிளம்பிவிடுவார்கள்.

பசிக்கிற நேரத்தில் புதுச்சேரிக்குள் நுழைபவர்கள் பிரெஞ்சு ரொட்டியைத் தேடுவது வழக்கம். அதே ஊரில் இன்னொரு நாட்டின் மணமும் உண்டு. அது வியட்நாம்!

சைகோனும் புதுச்சேரியும் ஒரு காலத்தில் ஒரே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. 1881-ல் வந்த அரசாணைப்படி, சொந்தச் சமூகச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு அரசு வேலைக் கதவுகள் திறந்தன. போலீஸ்காரராக, வரி அலுவலகக் குமாஸ்தாவாக, சிப்பாயாகப் பலர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். வட்டிக்கடை நடத்த நகரத்தார்களும் போனார்கள். சிலர் அங்கேயே வியட்நாமியப் பெண்களை மணந்தார்கள். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது சிலரும், 1975-ல் சைகோன் வீழ்ந்தபோது சிலரும் ஊர் திரும்பினார்கள். பெட்டியோடு சமையலும் வந்தது.

அதில் முதலிடம் 'சாயோ'வுக்கு. தென் வியட்நாமியர் உச்சரிப்பும் கிட்டத்தட்ட இதுதான். 'நெம்' என்றும் சொல்வார்கள். இதன் மேலுறை அரிசித் தாள். நம் வீட்டு இலை வடாம் மாதிரிதான்: அரிசி மாவை ஆவியில் மெல்லிசாக வேகவைத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் காயவைப்பார்கள்.

செய்வது சுலபம். பாசிப்பயறு மாவில் செய்த கண்ணாடி சேமியாவை ஊறவைத்து நறுக்கி, பொடியாக நறுக்கிய இறால் அல்லது கொத்துக்கறி, கேரட், வெங்காயம், காளான், மிளகுத்தூள், ஒரு முட்டை சேர்த்துப் பிசையுங்கள். அரிசித் தாளைத் தண்ணீரில் நனைத்து, பூரணத்தை வைத்து இறுக்கமாகச் சுருட்டி, மிதமான தீயில் பொரித்தெடுங்கள். சைவக்காரர்கள் இறாலுக்குப் பதில் பனீர் அல்லது டோஃபு போடலாம், முட்டையை விட்டுவிடலாம்.

சாப்பிடுவதிலும் ஒரு முறை உண்டு. லெட்டூஸ் இலையில் சாயோவையும் புதினாவையும் வைத்து மடித்து, 'நுவோக் சாம்' சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். மீன் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், பூண்டு, மிளகாய் கலந்தது அது. நெத்திலி போன்ற சிறு மீன்களையும் உப்பையும் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பதுதான் மீன் சாறு. முதலில் வாசனை மூக்கைத் துளைக்கும். நாக்குக்குப் பழகிவிட்டால் விடாது!

வியட்நாமில் காலை உணவாகவே சாப்பிடும் 'ஃபோ' சூப்பில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியா எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்குதான். அரிசி நூடுல்ஸான 'புன்' நம் சேவைக்குத் தங்கை. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வார்க்கும் 'பான் செயோ'வைப் பார்த்தால் தோசை என்றே நினைப்பீர்கள். அங்கே 'கா ரி' என்ற பெயரிலேயே கோழிக்குழம்பு இருக்கிறது. எலுமிச்சைப் புல், சர்க்கரைவள்ளி, தேங்காய்ப்பால் சேர்த்து, ரொட்டியோடு பரிமாறுகிறார்கள். கொடுத்ததும் வாங்கியதும் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

புதுச்சேரியில் இந்தச் சமையல் பெரும்பாலும் வளர்ந்தது வீட்டு அடுப்படியில்தான். அளவு எழுதி வைக்காத பாட்டிகளின் கைப்பக்குவம் அது. அடுத்த தலைமுறையில் பலர் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். கடையில் மேலுறை கிடைக்கும், பாட்டிலில் சாறு கிடைக்கும். எந்தப் பதத்தில் தாளை நனைப்பது, எப்போது சுருட்டுவது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். சைகோன் போய் வந்த குடும்பம் உங்கள் உறவில் இருந்தால், அடுத்த விடுமுறைக்கு அந்த அடுப்படிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.