தறியோடு பேசும் பெட்டி

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களுக்காகப் போவார்கள். ஒன்று சுவாமி தரிசனம். மற்றொன்று பட்டுப் புடவை. இரண்டில் எது முதல் என்று நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் சட்டென்று பதில் வராது! நான் போனது மூன்றாவது காரியத்துக்கு. ரேடியோ கேட்கப் போனேன்.

"ரேடியோ கேட்க எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போவானேன்? இங்கேயே திருகினால் கேட்காதோ?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். கூடவே, அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் கோர்வைப் புடவை ஒன்றுக்கும் உத்தரவு போட்டாள்.

பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி இருக்கும். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையைத் தாண்டியதும், 'டக், டக்' என்ற தறிச் சத்தத்துக்கு நடுவே கணீரென்று ஒரு குரல் செய்தி வாசிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். குழித்தறியில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல், சுவாமி படங்களின் வரிசையில், சந்தனம் குங்குமத்தோடு ஒரு பழைய டிரான்சிஸ்டர்!

"வாங்க தம்பி, உட்காருங்க. செய்தி முடியட்டும்" என்றார். முடிகிற வரையில் நான் வாய் திறக்கவில்லை.

"நெசவுக்காரங்களுக்குக் கையும் ஓயாது, காலும் ஓயாது. கண்ணை இழையை விட்டு எடுக்க முடியாது. சும்மா இருக்கிறது காது ஒண்ணுதான். அதுக்குத்தான் இந்தப் பெட்டி" என்றார் பெரியம்மா. டெலிவிஷன் வந்து இத்தனை காலம் ஆகியும் தறி வீட்டில் ரேடியோ நிலைத்து நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான். டெலிவிஷன் கண்ணைக் கேட்கிறது. தறி அதைத் தர மறுக்கிறது.

காஞ்சியில் பெரியவர்கள் காலத்தை அத்தி வரதரைக் கொண்டு கணக்கிடுவார்கள். அனந்தசரஸ் குளத்துக்குள் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள், நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளுவது வழக்கம். நாமும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். 1937-ல் அவர் எழுந்தருளியபோது, சென்னை நகரசபை நடத்திய சிறிய ஒலிபரப்புத்தான் உண்டு. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் தொடங்கிய ரேடியோ கிளப், பண முடையால் 1927-ல் மூடப்பட்டது. அதன் கருவியை வாங்கிக்கொண்டு நகரசபை 1930 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒலிபரப்பியது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கடற்கரையில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து காற்றோடு சங்கீதமும் வாங்கினார்கள். 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. 1979-ல் வரதர் மறுபடி வந்தபோது டிரான்சிஸ்டர் பரவியிருந்தது. 2019-ல் வந்தபோது கைப்பேசிக்குள்ளேயே வானொலி அடங்கிவிட்டது!

இந்த ஊருக்கும் வானொலிக்கும் வேறு ஓர் உறவும் உண்டு. லய ஞானத்தில் சிங்கம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, இசைத்தட்டில் பாட இசையாதவர். 1934-ல் காலமானார். நான்கே வருஷத்தில் நிலையம் வந்துவிட்டது. அதற்குள் அந்தக் குரல் காற்றோடு போய்விட்டது. அவர் கச்சேரிகளை இங்கே சிறுமியாக இருந்து கேட்டவர் டி. கே. பட்டம்மாள். அவர் வானொலியில் பாடினார். சுதந்திரம் வந்த வேளையில் சென்னை நிலையத்திலிருந்து பாரதியார் பாட்டைப் பாடி நாட்டையே சிலிர்க்க வைத்தார். ஒரே ஊர், ஒரு குரல் போயிற்று, மற்றொரு குரல் இருக்கிறது.

"பலருடைய நன்மைக்கு, பலருடைய இன்பத்துக்கு" என்பது வானொலியின் இலட்சியம். நன்மைக்குத் தஞ்சாவூரைக் கேட்க வேண்டும். 1960-களில் வயல்வெளி நிகழ்ச்சியைக் கேட்டுப் பயிரிட்ட ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்பத்தில்தான் கொஞ்சம் சறுக்கல். 1952-ல் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கத்தரி போட்டார். நம் ஜனங்கள் சண்டை போடவில்லை; முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள்! 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்த பிறகுதான் முள் மெள்ளத் திரும்பியது.

"பெரியம்மா, இந்தப் பெட்டியில் நீங்கள் கேட்டதில் மறக்க முடியாதது எது?" என்று கேட்டேன்.

கை நின்றது. "அண்ணா போன செய்தி. எனக்கு அப்போ எட்டு வயசு. அப்பா நாடாவைக் கையிலே பிடிச்சபடியே உட்கார்ந்திருந்தார். தெருவிலே ஒரு தறிச் சத்தம் இல்லை. ரேடியோ மட்டும் பேசிக்கிட்டே இருந்தது."

1969 பிப்ரவரி 3. காஞ்சியில் பிறந்த முதல் மந்திரியின் மறைவை, அவர் ஊர் நெசவாளிகள் இப்படித்தான் கேட்டார்கள்.

பெரியம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வகுப்பு வரைதான். கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். கரை இழை கொடுக்க அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "மற்றதெல்லாம் இதுதான் சொல்லிக் கொடுத்தது" என்று பெட்டியைக் காட்டினார். இப்போது குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் படித்த மகன் ஒரகடத்தில் மோட்டார் தொழிற்சாலைக்குப் போகிறான். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. மருமகள் சமையலை முடித்துவிட்டு வந்தால்தான் கோர்வை ஓடும். அதுவரை பெரியம்மாவுக்குத் துணை அந்தக் குரல் ஒன்றே.

அப்போது வானிலை அறிக்கை சொன்னார்கள்: மாலையில் இடியுடன் மழை. பெரியம்மா விருட்டென்று வாசலுக்குப் போய், "மழை வருதாம், பாவைச் சீக்கிரம் சுருட்டுங்க!" என்று குரல் கொடுத்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆயினும் ஒருவரும் தர்க்கம் செய்யவில்லை. நனைந்த பாவு என்றால் பல நாள் கூலி போயிற்று என்று அர்த்தம்.

நான் பஸ் ஏறியபோது தூற்றல் ஆரம்பித்தது.

வீட்டில் முதல் கேள்வி, "புடவை எங்கே?"

"தறியில் இருக்கிறது. இன்னும் பதினைந்து நாள் ஆகும்" என்றேன்.

"அது வரையில் என்ன செய்கிறதாம்?"

"தினமும் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறது!"