ஆற்றிலிருந்து எழும் சாலை

ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் ஸ்பெயினின் தெருவெல் மாகாணத்துக்கு முதன்முதலாக வரும்போது வரைபடத்தைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள். பெயர்பெற்ற கணவாய் என்று அதிகம் இல்லை. ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் ஏறும் சாலையும் இல்லை. ஆனால் மாலையில் மீட்டரைப் பார்த்தால் 2,000 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பார்கள். இவ்வளவு ஏற்றமும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

ஆறுகளிடமிருந்து வந்தது என்பதுதான் என் பதில். இத்தனை காலம் இந்த மேட்டு நிலத்தில் மிதித்ததில் நான் கற்ற முக்கியமான பாடமும் அதுதான்.

ஸ்பெயினின் நடுப்பகுதி முழுவதும் கடல் மட்டத்திலிருந்து 600, 700 மீட்டர் உயரத்தில் கிடக்கும் பீடபூமி. அதன் கிழக்கு விளிம்பில், தெருவெல், குவென்கா, குவாதலஹாரா ஆகிய மூன்று மாகாணங்கள் சந்திக்கும் இடத்தில், நிலம் இன்னும் உயர்ந்து 1,200, 1,500 மீட்டருக்குப் போகிறது. சுண்ணாம்புப் பாறை மேடு. மேலே பெரும்பாலும் சமவெளிதான்: காற்று அடித்துத் துடைத்த புல், முள்செடி, கற்குவியல், ஆங்காங்கே சபீனா மரங்கள். தச்சன் பலகையில் உளியை ஓட்டியது போல ஆறுகள் இந்தச் சமவெளியை ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. சாலை மேட்டில் நேராகப் போகும்; திடீரென்று விளிம்பு வரும்; 250 மீட்டர் சரிந்து இறங்கி ஒரு சிறிய பாலத்தைக் கடக்கும்; மறுகரையில் அதே 250 மீட்டர் ஏறும். மேலே வந்து பார்த்தால், கிளம்பிய கரை கூப்பிடு தூரத்தில் நிற்கும்.

இங்கே பெரிய ஏற்றங்கள் பாலத்தில் தொடங்குகின்றன. மற்ற மலைகளில் உழைப்பு முதலில், இறக்கம் பிறகு. இங்கே இறக்கம் முதலில் வந்துவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் ஓட்டும் முறையையே மாற்றிவிடுகிறது. நாலைந்து கிலோமீட்டர் மிதிக்காமல் இறங்கினால் தொடைச் சதை குளிர்ந்து இறுகிவிடும். அந்தக் காலோடு பாலத்தைத் தாண்டியதும் எட்டு சதவீத ஏற்றத்தை எதிர்கொண்டால் முதல் 500 மீட்டரிலேயே மூச்சு கலைந்துவிடும். அதனால் இறக்கத்தின் கடைசிக் கிலோமீட்டரில், தேவையில்லாவிட்டாலும், நான் லேசாக மிதித்துக்கொண்டே இருப்பேன். பாலம் கண்ணில் பட்டதும் முன்பக்கப் பல்சக்கரத்தைச் சிறியதற்கு மாற்றிவிடுவேன். ஏற்றம் தொடங்கி, செயின் முறுக்கேறிய பிறகு மாற்றினால் அது முரண்டு பிடிக்கும்; சில சமயம் கழன்றும் விழும்.

ஏற்றத்தைக் கணக்காகவும் பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ. 200 வாட் சக்தியை நிதானமாகத் தரக்கூடிய கால். 250 மீட்டர் உயர்வதற்கு, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே 16 நிமிடம் ஆகும். டயர் உருள்வதில் போகும் இழப்பையும் காற்றையும் சேர்த்தால் 20 நிமிடத்தை நெருங்கும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால் ஒரு மிதிக்கு வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம். பத்து சதவீதச் சரிவில் அந்த 200 வாட்டுக்குக் கிடைக்கும் வேகமும் ஏறத்தாழ அதுதான். இந்தப் பல் வரை இறங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒரே நாளில் மூன்று ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கும். முதல் ஆற்றில் சேமித்தது மூன்றாவது ஆற்றில் கை கொடுக்கும்.

ஆகவே பாதை போடும்போது நான் முதலில் பார்ப்பது வரைபடத்தின் நீலக் கோடுகளை. ஆற்றோடு கூடவே போகும் சாலை இரக்கமுள்ளது. ஆற்றைக் குறுக்கே வெட்டும் சாலை காலைக் கேட்கும். தெருவெல் நகரிலிருந்து அல்பர்ராசீன் ஊருக்குப் போகும் சாலை முதல் வகை. குவாதலாவியார் ஆற்றை ஒட்டி, 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், உடம்புக்குத் தெரியாமலேயே ஏற்றிவிடும். ஹேயா என்ற ஊரை ஒட்டி, பாறையைக் குடைந்த வாய்க்கால் சாலையோரத்தில் தெரியும். ரோமானியர்கள் அல்பர்ராசீனிலிருந்து செய்யா ஊருக்கு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர், தண்ணீர் கொண்டுபோன கால்வாய் அது. மலையைச் சுரங்கமாகக் குடைந்து, சரிவு எங்கும் அதிகமாகாமலும் தேங்காமலும் நீரை நடத்தியிருக்கிறார்கள். சரிவைக் காலால் அளந்து பழகிய எனக்கு, வாழ்நாளெல்லாம் சரிவையே யோசித்த மனிதர்களின் வேலை அது என்று உடனே தெரிந்தது. அங்கே ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்துவேன்.

அல்பர்ராசீன் இளஞ்சிவப்புக் காரை பூசிய வீடுகளும் கோட்டைச் சுவருமாக ஆற்று வளைவின்மேல் நிற்கும் ஊர். சுற்றுலாப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேலே போகும் சாலையில்தான் எங்கள் உலகம் தொடங்குகிறது. நொகேரா, ஒரிவெலா தெல் த்ரெமெதால், ப்ரொன்ச்சாலெஸ் என்று பைன் காட்டுக்குள் ஊர்கள். இந்த மலைத்தொகுதிக்கு மொந்தெஸ் உனிவெர்சாலெஸ் என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் நான்கு ஆறுகள் பிறக்கின்றன. தாஹோ மேற்கே 1,000 கிலோமீட்டர் ஓடி லிஸ்பன் நகரில் அட்லாண்டிக்கில் கலக்கிறது. குவாதலாவியார் துரியா என்று பெயர் மாறி வலென்சியாவில் மத்தியதரைக் கடலைச் சேர்கிறது. ஹூக்கர், கப்ரியெல் இரண்டும் அதே கிழக்குக் கடலுக்கே போகின்றன. வலென்சியாவில் 1957-ல் பெருவெள்ளம் வந்த பிறகு துரியாவை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப் படுகை இன்று நீண்ட பூங்கா. அதில் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். தாஹோவின் ஊற்றுக்கண் ஃப்ரியாஸ் ஊருக்கு அருகில் இருக்கிறது. அங்கே நீர் பிரியும் இடத்தில் சாலை பெரிதாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இரண்டு கடல்களைப் பிரிக்கும் வரம்பு அது என்று கால் சொல்லாது. வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

குளிரும் ஆற்றின் கணக்கில்தான் சேரும். தெருவெல், கலமோச்சா, மோலினா தே அரகோன் ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி ஸ்பெயினிலேயே கடுங்குளிருக்குப் பெயர்போனது. கலமோச்சாவில் 1963 டிசம்பர் 17 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி பதிவானது. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனமாகி மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் விடியற்காலையில் ஆற்றங்கரைதான் உறைந்து கிடக்கும். மேலே ஏற ஏறக் கதகதப்பு. இலையுதிர் காலத்தில் இதைத் தோலாலேயே உணரலாம். பாலத்தருகே விரல் நுனி பிரேக்கை உணராது, மூக்கு நுனி எரியும், தாடியில் மூச்சு உறைந்து நிற்கும். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போல மிதமான காற்று முகத்தில் படும்; சபீனாவின் பிசின் வாசனையும் அப்போதுதான் எழும். பத்து மணிக்கு வெயில் பள்ளத்துக்குள் இறங்கியதும் இது தலைகீழாகி, மேடு குளிர்ச்சி, பள்ளம் வெப்பம் என்ற வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும். எனவே கையுறையை ஏற்றத்தில் கழற்றினாலும் பைக்குள் ஆழத்தில் வைக்க மாட்டேன். அடுத்த ஆற்றில் வேண்டியிருக்கும். மார்ச் மாதத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வடக்கு பார்த்த வளைவுகளில், பைன் நிழலில், உருகி வழிந்த நீர் மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட்டு, வளைவுக்குள் சக்கரத்தை அதன் போக்கில் விட வேண்டும்.

சாலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொடி ஜல்லி போட்ட கரடுமுரடான தார். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் உடம்பு தப்பிக்கும். வண்டிகள் குறைவு. சைக்கிளைக் கடக்கும் வாகனம் ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது சட்டம். இங்கே பெரும்பாலான ஓட்டுநர்கள் எதிர்த்தடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு விலகிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலிச் சாலையைப் பற்றித்தான் எனக்கு மனசுக்குள் ஓர் உறுத்தல் உண்டு. 14,800 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த தெருவெல் மாகாணத்தில் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். 1950-களிலும் 60-களிலும் ஆட்கள் சரகோசாவுக்கும் வலென்சியாவுக்கும் பார்சிலோனாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். ஊர்கள் திரும்ப நிறையவில்லை. ‘தெருவெலும் இருக்கிறது’ என்று உரக்கச் சொல்வதற்கென்றே 1999-ல் இங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. நாங்கள் கொண்டாடும் அமைதி அந்த மனிதர்கள் விட்டுச்சென்ற இடம். குவென்கா மலைகளின் விளிம்பில், எஸ்காபாஸ் ஆற்றுப் பிளவின் மேலே இருக்கும் பிரியேகோவில் 1945-ல் பிறந்தவர் லூயிஸ் ஒகான்யா. குடும்பம் பிழைப்புக்காகப் பிரான்சுக்குப் போனது. அவர் அங்கேதான் சைக்கிள் வீரரானார். 1970-ல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயமான வுவெல்தாவையும், 1973-ல் துர் தெ பிரான்சையும் வென்றார். இந்த மண்ணின் மிகப் பெரிய ஏற்றக்காரர் இந்த மண்ணை விட்டுப் போன குடும்பத்துப் பிள்ளை.

வெறுமை சில சமயம் எதிர்பாராத ஒன்றையும் கொண்டுவருகிறது. ஊர் விளக்குகள் இல்லாததால் ஹவாலம்ப்ரே மலையில் இரவு வானம் கருமையாக இருக்கிறது. அதனால் 1,957 மீட்டர் உச்சியில் வானாய்வகம் கட்டினார்கள். அதற்காகச் சாலை போட்டார்கள். அந்தச் சாலையில் 2019-லும் 2023-லும் வுவெல்தாவின் ஒருநாள் கட்டம் முடிந்தது. 2023-ல் அங்கே முதலில் வந்த செப் குஸ் என்ற வீரரே அந்த ஆண்டு பந்தயம் முழுவதையும் வென்றார். இந்த வட்டாரத்தில் ஆற்றை விட்டுவிட்டுச் சிகரத்தை நோக்கியே ஏறும் சாலை அது.

காலி நிலத்தில் தண்ணீர்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஊருக்கு ஊர் 20, 25 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஊற்றுத் தொட்டி உண்டு: குழாயிலிருந்து நிற்காமல் விழும் நீர், அதன் கீழே ஆளுயரத்தைவிட நீண்ட கல்தொட்டி. தொட்டி அவ்வளவு நீளமாக இருப்பது ஆடுகளுக்காக. இங்கிருந்து மந்தைகள் நவம்பரில் தெற்கே அந்தலூசியாவின் புல்வெளிகளுக்கு நடந்து போய் ஜூனில் திரும்பும். 1273-ல் அரசன் பத்தாம் அல்ஃபோன்சோ இடையர் சங்கத்துக்கு உரிமை கொடுத்தான். பெரிய மந்தைப் பாதைகளின் அகலம் 90 வாரா, அதாவது 75 மீட்டர். இன்றும் சில மந்தைகள் நடக்கின்றன. எதிரே மந்தை வந்தால் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு இறங்கி நிற்க வேண்டும், பாதை இடையர்களுடையது. நாய்களை அவசரப்படுத்தக் கூடாது.

சக ஓட்டக்காரர்களிடம் நான் வாதாடும் விஷயம் ஒன்று. பை நிறையச் சத்துப் பசையும் இனிப்புக் கட்டிகளும் கட்டிக்கொண்டு வந்து, ஊர்த் தொட்டியில் நீர் பிடித்துக்கொண்டு அப்படியே போய்விடாதீர்கள். மதுக்கடை திறந்திருந்தால் உள்ளே போங்கள். ஸ்பெயின் கிராமத்தில் அந்தக் கடைதான் டீக்கடை, சாப்பாட்டுக் கடை, செய்தி நிலையம், முதியவர்களுக்குப் பேச்சுத்துணை எல்லாம். தெருவெல் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் பால் காபியும் அடுத்த ஆற்றைக் கடக்கப் போதும். கடை மூடினால் ஊரில் கடைசியாகப் பேச்சு நடக்கும் இடமும் போய்விடும்.

மேட்டில் ஓர் ஊரில் அப்படி ஒரு கடை. அக்டோபர் முடியும்போது, ஜனவரியில் திறந்திருப்பீர்களா என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

“குளிர்காலத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். அடுப்பு மூட்டும் விறகுக்கே கட்டாது,” என்றார். பிறகு பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு, “நீங்கள் வருவதாக இருந்தால் சொல்லுங்கள். திறக்கிறேன்,” என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை, பனி விழாவிட்டால், நான்கு பேர், பதினொரு மணிக்கு என்றேன். சுவர் நாட்காட்டியில் ஜனவரிப் பக்கத்தைத் தேடிப் புரட்டி, எழுதிக்கொண்டார்.