நோட்டில் இல்லாத பெயர்

2019 ஜனவரியில் திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்கள். அடுத்த வாரமே எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னை அம்பத்தூருக்கு அனுப்பினார். ராணுவ வண்டிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் பட்டறை. பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

கட்டுரை நன்றாகத்தான் வந்தது. 1961-இல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1965-இல் அங்கிருந்து வெளிவந்த முதல் விஜயந்தா டாங்கி, 58 டன்னுக்கு மேல் எடையுள்ள அர்ஜுன் எல்லாம் இருந்தது. 'திறன்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்திருந்தது. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.

அன்று எனக்கு வேலையைக் காட்டியவர் ஒரு வெல்டர். முன்கையெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தீத்தழும்பு. கவசத் தகடு சாதாரண இரும்பு மாதிரி இல்லை சார் என்றார். வெல்டிங் ராடின் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், அதிலிருந்து ஹைட்ரஜன் பற்றவைப்புக்குள் இறங்கிவிடும். பற்றவைத்த அன்று பார்த்தால் பளபளவென்று இருக்கும். ரெண்டு நாள் கழித்து உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால் ராடுகளை ஓவனில் சுட்டு, சூடு ஆறாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்தார்.

படத்துக்காக ஒரு கட்டு ராடைக் கையில் பிடித்து நிற்கச் சொன்னேன். வெளிச்சம் போதவில்லை, இந்தப் பக்கம் திரும்புங்க, முகமூடியைத் தூக்குங்க என்று அரைமணி நேரம் போனது. முடிந்ததும் அந்தக் கட்டை டப்பாவில் வைக்காமல் தனியே ஒதுக்கினார். "காத்து பட்டுடுச்சு சார். இனி மறுபடி சுடணும்." இதுக்கா இவ்வளவு என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் அக்கா மகன், ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேரப்போகிறேன் என்றான். பத்தாவதில் நல்ல மார்க். அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நம்ம வீட்டுப் பிள்ளை ராடு பிடிக்கவா? நாலு பேர் கேட்டா என்ன சொல்வே?" கட்டுரையில் இவர்களைத்தான் நாட்டின் முதுகெலும்பு என்று எழுதியிருந்தேன். கத்தும்போது அது நினைவுக்குக்கூட வரவில்லை. வந்திருந்தாலும் கத்தியிருப்பேன் என்றே தோன்றுகிறது.

பையன் என் பேச்சைக் கேட்டு இன்ஜினியரிங் முடித்தான். இப்போது கடன் தவணை கட்டாதவர்களுக்குப் போன் செய்யும் வேலை.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்டின் கீல் உடைந்திருந்தது. பக்கத்துக் கடையில் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து அவனே பற்றவைக்கத் தயாரானான். திண்ணையோரம் ராடுகள் வெயிலில் காய்ந்தன.

"வெயில் பத்தாதுடா, ஓவன்ல சுடணும்" என்றேன், தெரிந்தவன் மாதிரி.

"யாரு சொன்னது மாமா?"

"அம்பத்தூர்ல ஒரு வெல்டர்."

"அவர் பேர் என்ன?"

ஊர் திரும்பியதும் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். முதலாளியின் பெயர் இனிஷியல், பட்டம் சகிதம் இருந்தது. மேலாளர் பெயருக்குக் கீழே அடிக்கோடு. அதற்கடுத்த வரி: 'வெல்டர், வயது ஐம்பது இருக்கும்.'