பூட்டில்லாத பெட்டிகள்

இலண்டன் வோட்டர்லூ நிலையத்தில் புகையிரதம் ஏறினால், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் ஓல்டன் என்னும் சிறு நகரை அடையலாம். அங்கிருந்து ஏறக்குறைய நான்கு மைல் தெற்கே இருக்கிறது செல்போர்ன் கிராமம். ஹம்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் சொல்லும்படியாக ஒரேயொரு தெருதான். தெருவோரத்து வீடுகளுக்குப் பின்னால், பீச் மரங்கள் அடர்ந்த சரிவொன்று சுவர்போல எழுந்து நிற்கிறது. அதனை 'ஹேங்கர்' என்கிறார்கள். விமானம் நிறுத்தும் கொட்டகை என்று எண்ணிவிட வேண்டாம். செங்குத்துச் சரிவில் தொங்குவதுபோல நிற்கும் காட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பழைய பெயர் அது.

இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கை குடும்பத்துடன் இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அங்கே சென்றேன். "மாமா, நாங்க புதையல் தேடப் போறோம், நீங்களும் வாங்க" என்று பிள்ளைகள் இருவரும் அழைத்தார்கள். புதையல் என்றதும் பொன்னும் மணியும் உங்கள் நினைவுக்கு வரும், சகோதரிகளே! அவர்கள் தேடியதோ ஒரு பிளாஸ்டிக் பெட்டியை.

விளையாட்டுப் பிறந்த கதை

'ஜியோகேஷிங்' என்பது இவ்விளையாட்டின் பெயர். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீற்றர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் உண்டு. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகள் வந்து சேர எடுத்த நேரத்தைக் கணித்து, நாம் நிற்கும் இடத்தைக் கையிலுள்ள கருவி கண்டுபிடிக்கிறது. முற்காலத்தில் பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே பிழைபடச் செய்து வந்தது. அந்தத் தடையை 2000 மே 2ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டனின் அரசு நீக்கியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் குறிப்பேடு, பென்சில், சில பொருட்கள் ஆகியவற்றை இட்டு மறைத்து வைத்து, இடத்தின் அளவுக் குறிகளை மட்டும் இணையத்தில் அறிவித்தார். இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் 30 இலட்சத்துக்கும் அதிகமாக மறைந்திருக்கின்றன.

இங்கிலாந்தவருக்கு இது முற்றிலும் புதியதல்ல. 1854ஆம் ஆண்டிலேயே டார்ட்மூர் மேட்டு நிலத்தில், கிரான்மியர் குளம் என்ற எளிதில் எட்ட முடியாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் இட்டுச் சென்றார்கள்.

சரிவின் மேலே

செல்போர்னில் ஹேங்கரின் மேலே செல்ல வளைந்து வளைந்து ஏறும் பாதையொன்று உண்டு. அதனை 1753ஆம் ஆண்டு வெட்டியவர்கள் கில்பர்ட் வைட்டும் அவர் சகோதரர் ஜோனும். இதே ஊரில் 1720இல் பிறந்த கில்பர்ட் வைட் ஒரு கிறிஸ்தவ மதகுரு. தம் ஊரின் பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் ஆண்டுக்கணக்கில் கூர்ந்து பார்த்து அவர் எழுதிய நூல் 1789இல் வெளிவந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று சிறு பறவைகளை, அவற்றின் குரலைக் கொண்டு வெவ்வேறு இனங்களென்று பிரித்துக் காட்டியவர் அவர்.

அந்தக் கூர்ந்த பார்வைதான் இவ்விளையாட்டுக்கும் தேவை. செய்மதி காட்டும் வழி இலக்குக்குச் சில மீற்றர் முன்பாகவே மயங்கிவிடுகிறது. மரங்கள் அடர்ந்த இடத்தில் அது இன்னும் தடுமாறும். அதன்பின் கண்ணும் பொறுமையுமே துணை. பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்தார்கள். உதிர்ந்த இலைகளைக் காலால் விலக்கினார்கள். மரப்பொந்துகளை எட்டிப் பார்த்தார்கள். நாயுடன் நடந்து வந்த முதியவர் கடந்து செல்லும்வரை ஒன்றும் அறியாதவர்கள்போல் நின்றார்கள். விளையாட்டை அறியாதோர் முன்னிலையில் பெட்டியை எடுப்பதில்லை என்பது இதன் ஒழுங்கு.

பீச் மரமொன்றின் வேர்களுக்கிடையே, நான்கு தடிகளால் மூடப்பட்டு அது இருந்தது. பூட்டில்லை. உள்ளே ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், சில சிறு பொருட்கள். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். உண்ணும் பொருள் வைக்கக் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்துவிடும். மருமகள் ஒரு கோலிக் குண்டை எடுத்துக்கொண்டு தன் கை வளையல்களில் ஒன்றைக் கழற்றி வைத்தாள். குறிப்பேட்டில் பெயரும் திகதியும் எழுதினாள். பிறகு மூடியின் நான்கு மூலைகளையும் தனித்தனியே அழுத்தினாள். "தண்ணி போனா அடுத்து வாரவங்க எழுத ஏலாதே" என்றாள். அந்த அடுத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

வயலுக்குள் ஒரு வழி

இரண்டாவது பெட்டிக்கான வழி ஒரு பண்ணையின் நடுவே சென்றது. பிறர் வயலுக்குள் எப்படி நுழைவது என்று நான் தயங்கியபோது, வேலிக் கம்பத்திலிருந்த மஞ்சள் அம்புக்குறியை மச்சான் காட்டினார். நிலம் பண்ணைக்காரருடையது, அதனூடே நடந்து செல்லும் உரிமை எல்லோருடையது. நாட்டின் 1:25,000 அளவு வரைபடங்களில் இவ்வழிகள் பச்சை நிறக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இவற்றின் நீளம் இரண்டு இலட்சம் கிலோ மீற்றருக்கும் அதிகம்.

ஆனால் எல்லா நிலமும் இப்படித் திறந்திருக்கவில்லை. வேட்டைக்கென்று செல்வந்தர்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில், 1932 ஏப்ரல் 24ஆம் திகதி நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள். அவர்களில் ஐவர் சிறை சென்றார்கள். பின்னர் 1949ஆம் ஆண்டுச் சட்டம், பொது வழிகளை அளந்து வரைபடத்தில் பதிய வேண்டுமென உள்ளூராட்சி மன்றங்களைப் பணித்தது. உரிமைக்கு ஈடாகக் கடமையும் உண்டு: திறந்த கதவை மூட வேண்டும், பயிரை மிதிக்கக் கூடாது, நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும்.

அச்சமும் நம்பிக்கையும்

கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். பஸ் வண்டியின் ஆசனத்துக்கு அடியில் ஒரு பையைக் கண்டால் நெஞ்சு பதறிய காலத்தை நம் உம்மாமார் மறக்கமாட்டார்கள். மரத்தடியில் கிடந்த பெட்டியைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திறந்தபோது என் கை தானாகவே அவர்களைத் தடுக்க நீண்டது.

அந்த அச்சம் இங்கிலாந்துக்கும் புதியதல்ல. 2011 ஜூலையில் வெதர்பி நகரில் உணவகமொன்றின் வெளியே மறைத்திருந்த இத்தகைய சிறு பெட்டியை வெடிகுண்டெனச் சந்தேகித்து, இராணுவத்தின் குண்டு செயலிழக்கும் பிரிவினர் வெடிக்க வைத்தனர். அதனால்தான் இவ்விளையாட்டுக்கு விதிகள் இருக்கின்றன. நிலத்துக்குரியவரின் அனுமதி பெறவேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. பெட்டி இன்னதென்று வெளியே எழுதி ஒட்டுவது நல்ல வழக்கம்.

வழிப்போக்கர் ஒருவர் அப்பெட்டியை எடுத்துச் சென்றால் தடுப்பதற்கு அங்கே யாருமில்லை. சில பெட்டிகள் காணாமற் போவதும் உண்டு. வைத்தவர் வந்து வேறொன்றை வைக்கிறார். முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுச் செல்லும் அமானிதம் அது. வயலை உழுகின்றவரும் அதனூடே நடக்கின்றவரும் காக்கின்ற அமானிதமும் அதுவே.

சகோதரிகளே! பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியைப் பற்றி நாம் நாளெல்லாம் குறைபடுகிறோம். அதே கருவி அன்று அவர்களை வீட்டை விட்டு வெளியே அழைத்து வந்து, மலையேற்றி, மரத்தின் அடியில் குனிய வைத்தது. பெற்றோரும் உடன் நடந்தார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.