கரிசல் மண்ணில் ஒரு பழைய டிசையர்

புரட்டாசி 10

பழைய கார் பார்க்கப் போகிறவர் எடுத்ததும் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான். ஓட்டப்பிடாரம், பசுவந்தனை, புதியம்புத்தூர் வட்டாரத்தில் அந்தக் கேள்விக்குப் பாதி மதிப்புதான். இங்கே கைமாறும் பழைய செடான்களில் அடிக்கடி கண்ணில் படுவது மாருதி ஸ்விஃப்ட் டிசையர் டீசல். 2008 மார்ச்சில் வந்த முதல் டிசையரும், டிக்கியைச் சுருக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கி 2012-இல் வந்த அடுத்ததும் ஃபியட் வடிவமைத்த அதே 1248 சிசி இன்ஜினில் ஓடுபவை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலை வேளைக்கு மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் கடந்தும் சளைக்காமல் இழுக்கும். வாடகைக்கு ஓடித் தேய்ந்த வண்டிகளே சாட்சி. கரிசலில் இந்த வண்டியைச் சாய்ப்பது ரப்பரும் தூசியும் தண்ணீரும்தான். பெரிய பில் வந்து நிற்கும்போதெல்லாம் பின்னால் போய்ப் பார்த்தால், சில நூறு ரூபாய்ச் சாமான் ஒன்றைத் தள்ளிப்போட்டதற்கான வட்டியாகவே அது இருக்கும்.

ஆக்ஸில் பூட்டையே எடுத்துக்கொள்வோம். முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஆக்ஸில் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். உள்ளே கெட்டி கிரீஸ். மழைக்குப் பிறகு காட்டுப் பாதையில் போய்வந்தால் ஈரக் கரிசல் சக்கரத்துக்கு மேலே அப்பி, மறுநாள் வெயிலில் கல்லாக இறுகிவிடும். அந்தக் கட்டி உறையில் உரச உரச, மடிப்பில் சின்னதாக ஒரு வெடிப்பு விழும். கிரீஸ் தெறித்து ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றே உறையை மாற்றினால் கூலியோடு ஆயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். விட்டால் கிரீஸ் போன வழியில் மண் நுழையும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வரும். அதன்பின் உறையை மாற்றிப் பயனில்லை, ஜாயின்டையே மாற்ற வேண்டும். பில் பல ஆயிரத்துக்கு ஏறிவிடும்.

ஐப்பசி 6

மழை தொடங்கிவிட்டால் ரோடும் பேசும். கரிசல் களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தாரும் கூடவே ஏறி இறங்குவதால் நடுவில் அலையலையாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் ஆகிவிடுகிறது. ஒரு வண்டிதான் போகலாம் என்ற அகலமுள்ள ஊர்ச்சாலையில் எதிரே பஸ் வந்தால், நம் காரின் இடது சக்கரங்கள்தான் ஓரத்தில் இறங்கி ஏற வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து வண்டியில் இடது முன்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட், எல்லாமே ரப்பர் சம்பந்தப்பட்டவை. கடகடவென்று சத்தம் கேட்டதும் ஸ்டீயரிங் ராக் போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். இந்த மாடலில் ராக் ஆடுவதும் உண்டுதான். ஆனாலும் சில நூறு ரூபாய் லிங்க் ராடில் ஆரம்பித்து வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ராக்கைத் தொட வேண்டும். எதை மாற்றினாலும் அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தின்றுபோகும். ரிப்பேரில் மிச்சம் பிடித்த காசு டயர் கடைக்குப் போய்விடும்.

‘புதுசு போட்டாலும் இதே ரோட்டில்தானே ஓடப்போகிறது, திரும்பவும் போகத்தானே போகிறது’ என்பார்கள். போகும்தான். ஆனால் தேய்ந்த புஷ் தன்னோடு நிற்பதில்லை. பக்கத்திலுள்ள பால் ஜாயின்ட், டயர் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். புஷ் போவது செலவு. மற்றதும் சேர்ந்து போவது நஷ்டம்.

கார்த்திகை 3

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. கூலண்ட் குறைந்தால் அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும். வெளியே ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே கரிசல் தூசி போய் உட்காரும். இரண்டும் சேர்ந்தால் சூடு ஏறத்தான் செய்யும். இந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவுக்கு மேல் சூடானால் வளைந்துவிடும். ஹெட்டைக் கழற்றி லெவல் பிடித்து, கேஸ்கெட் மாற்றி மாட்டுவதென்றால் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. ஒரு டப்பா கூலண்ட் சில நூறு ரூபாய். ஏர் ஃபில்டரும் அப்படித்தான். தூசியில் ஓடும் வண்டிக்கு அதைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். கிழிந்த ஃபில்டரோடு ஓட்டினால் தூசி டர்போவின் இறக்கைகளைத்தான் அரிக்கும்.

2020 ஏப்ரலோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டதால் சாமான் கிடைக்காமல் போகும் என்ற பயத்துக்கு இப்போதைக்கு இடமில்லை. ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, டாடா மான்சா, ஃபியட் லீனியா வரை இந்த இன்ஜின் குடும்பம் பரவிக் கிடக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்த தனியார் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவு இது. புது வண்டியின் மாதத் தவணையோடு வைத்துப் பார்த்தால் தாங்கக்கூடியதே.

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தக் காலத்து அடிமட்ட டிசையரில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. எந்தப் பட்டறையிலும் எவ்வளவு கொடுத்தாலும் அவற்றைப் பின்னால் சேர்க்க வழியில்லை. சந்தைக்கும் காட்டுக்கும் போய்வர அந்த வண்டி போதும். ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மதுரை நாற்கரச் சாலையில் அடிக்கடி போக வேண்டியவர், கூடுதலாகச் சில ஆயிரம் போனாலும் இரண்டும் இருக்கும் உயர்ந்த வேரியண்டாகத் தேடி வாங்கட்டும். கிடைக்கவில்லையென்றால் இந்த மாடலையே விட்டுவிடட்டும்.