நஞ்சு கீழே இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கா? கொஞ்சம் பேசலாம்

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

1/ இன்னைக்கு ஓபியில ஐந்தாம் மாச ஸ்கேன் ரிப்போர்ட்டோட ஒரு பொண்ணு கண்கலங்கி உட்கார்ந்திருந்தாங்க. "லோ லையிங் பிளசென்டா"ன்னு அதுல ஒரு வரி. அவங்க கேட்ட முதல் கேள்வி: "மாடிப்படி ஏறி இறங்கினதாலயா மேடம்?"

அதே கேள்வியை நானும் கேட்டிருக்கேன். மகப்பேறு மருத்துவரான பிறகு, என் வயித்துல குழந்தை இருந்தப்போ, எனக்கு நானே.

2/ முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம். கரு கர்ப்பப்பையில பதியுற இடத்துலதான் நஞ்சு வளரும். அது எங்கே பதியணும்னு நாம தீர்மானிக்க முடியாது. கர்ப்பப்பை வாயோட உள்துவாரத்தை நஞ்சு மூடியிருந்தா அது பிளசென்டா பிரீவியா. மூடாம, அதன் ஓரம் 2 செ.மீ.க்குள்ள இருந்தா லோ லையிங்.

3/ 20 வாரத்துல இப்படி இருக்கிற பத்துப் பேர்ல ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள்ள சரியாகிடும். நஞ்சு நகர்ந்து மேலே போறது கிடையாது. கடைசி மாதங்கள்ல கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி நீண்டு விரியும். பாதி ஊதின பலூன்ல வாய்ப்பக்கம் பேனாவால ஒரு புள்ளி வச்சு மேலும் ஊதிப் பாருங்க. புள்ளி அதே இடத்துலதான் இருக்கும், ஆனா வாயிலிருந்து தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான்.

4/ இந்த பலூன் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லி, "பயப்படாதீங்க"ன்னு அனுப்பியிருக்கேன். என் ரிப்போர்ட்ல அந்த வரி வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஒன்பது பேரை விட்டுட்டு அந்த ஒருத்தரையே மனசு பிடிச்சுக்கிச்சு.

5/ அம்மா ஊர்லேருந்து வந்தாங்க. கட்டிலோட கால் பக்கம் ரெண்டு செங்கல் வச்சு உயர்த்தினாங்க. "டூட்டி வேணாம், படுத்தே இரு"ன்னாங்க. செங்கல் வச்சா நஞ்சு ஏறாதுன்னு எனக்குத் தெரியும். நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறதால பலன் இருக்குன்னும் நிரூபணம் இல்ல. மாறா, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற ஆபத்துதான் கூடும். எல்லாம் தெரிஞ்சும் அந்தச் செங்கலை நான் எடுக்கச் சொல்லல. அம்மாவுக்கும் ஏதாவது செய்யணுமே.

6/ 31 வாரம். ராத்திரி பாத்ரூம் போனப்போ பளிச்சுன்னு சிவப்பா ரத்தம். வலி துளிகூட இல்ல. அதான் இதோட அடையாளம். இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு: வலி இல்லைங்கிறதால "காலையில பார்த்துக்கலாம்"னு தோணும். டாக்டரான எனக்கே ஒரு நிமிஷம் அப்படித் தோணுச்சு. என் கணவர்தான் வண்டிச் சாவியோட நின்னாரு.

7/ அட்மிஷன். குழந்தையோட நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி. ரத்தம் ரெடி பண்ணி வச்சாங்க. ப்ளீடிங் தானா நின்னுச்சு. அம்மா பக்கத்துல உட்கார்ந்து, "அன்னைக்கே சொன்னேன், டூட்டிக்குப் போகாதேன்னு"ன்னாங்க. ப்ளீடிங்கை விட அந்த வார்த்தைதான் வலிச்சது. ஏன்னா எனக்குள்ளயும் அது ஓடிக்கிட்டே இருந்தது. நிறைய நேரம் நின்னேனே, படி ஏறினேனே, அதனாலயோ?

8/ இல்ல. இதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். நஞ்சு கீழே பதிஞ்சதுக்கு நீங்க காரணம் இல்ல. அது விலகாமப் போனாலும் நீங்க காரணம் இல்ல. நீங்க நின்னதால, நடந்ததால, வேலைக்குப் போனதால அது கீழே தங்கிடாது. அதை மேலே ஏத்துறது உங்க வேலையே கிடையாது. தயாரா இருக்கிறதுதான் உங்க வேலை.

9/ தயாரா இருக்கிறதுன்னா என்ன?
• ரத்தச் சோகை இருந்தா இப்பவே சரி பண்ணுங்க. இரும்புச்சத்து மாத்திரையை விடாதீங்க.
• உங்க ரத்த வகை என்னன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியணும். நெகட்டிவ் குரூப்னா, ப்ளீடிங் ஆன 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி தேவைப்படும்.
• ரத்த வங்கியும் ராத்திரியில ஆபரேஷன் வசதியும் இருக்கிற மருத்துவமனை எதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க.
• ஃபைல், துணி, சார்ஜர் எல்லாம் ஒரு பையில. வண்டி இல்லேன்னா 108.

10/ ரத்தம் துளி பட்டாலும் உடனே கிளம்புங்க. யாராவது உள்பரிசோதனை பண்ண வந்தா, "நஞ்சு கீழே இருக்கு"ன்னு முதல்ல சொல்லுங்க. கைவிட்டுப் பார்த்தா ரத்தப்போக்கு அதிகமாகலாம். தாம்பத்தியம் பத்தி டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க. ப்ளீடிங் ஆகியிருந்தா தவிர்க்கணும்.

11/ 32 வாரம் வாக்குல மறு ஸ்கேன் கட்டாயம். அப்பவும் கீழேயே இருந்தா 36 வாரத்துல இன்னொண்ணு. பிறப்புறுப்பு வழியா எடுக்கிற ஸ்கேன்தான் தூரத்தைத் துல்லியமாக் காட்டும். அது பாதுகாப்பானதும்கூட. முன்னாடி சிசேரியன் ஆனவங்க கூடுதல் கவனமா இருக்கணும். பழைய தழும்புல நஞ்சு ஆழமா ஊடுருவ வாய்ப்பு இருக்கு.

12/ என் கதை? 36 வாரத்துல 8 மி.மீ. நான் அந்தப் பத்துல ஒருத்தி. 37 வாரத்துல சிசேரியன், ஒரு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. பொண்ணு 2.6 கிலோ. இப்போ மூணு வயசு, அம்மா பேச்சைத் தவிர எல்லார் பேச்சையும் கேட்பா.

13/ இன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட பலூன் கதையோட நிறுத்தல. "படி ஏறினதால இல்லம்மா"ன்னு முதல்ல சொன்னேன். அப்புறம் ஊர் எவ்வளவு தூரம், ராத்திரியில வண்டி யார் ஓட்டுவாங்கன்னு கேட்டேன். கூட வந்த மாமியார்கிட்டயும் ஒருதடவை சொன்னேன்: "இது இவங்க தப்பு இல்லம்மா." அவங்க தலையாட்டினாங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ரிப்போர்ட் வந்திருந்தா, அவங்களுக்கு மட்டும் இல்ல, அவங்க கூட இருக்கிறவங்களுக்கும் இதை அனுப்புங்க.